சிக்கனத்தின் முதற்செலவு

சிக்கனக் கட்டுரை என்பது தமிழ் உரைநடையில் ஒரு தனி இனமாகவே வளர்ந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும், விலைவாசி ஏறிவிட்டதென்ற கூக்குரல் எழும்போதெல்லாம், அது தவறாமல் தலைகாட்டும். மசாலைத் தூளைக் கடையில் வாங்குவானேன், வீட்டிலே இடித்துக்கொள்ளலாகாதா? சட்டைக்குத் தையற்காரரிடம் கூலி கொடுப்பானேன், மனைவி தைக்கலாகாதா? கீரையும் கத்தரியும் கொல்லையில் விளையாவா? பசுவொன்று கட்டினால் பாலுக்கும் மோருக்கும் பஞ்சமுண்டா? இவ்வாறு வினாமேல் வினா அடுக்கி, இறுதியில் நம்மவர் ஊதாரிகள் என்ற தீர்ப்பைக் கூறி முடிப்பது இவ்வினத்தின் இலக்கணம். எழுதுவோர் நல்லெண்ணம் படைத்தவர்களே; அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கட்டுரையை இலக்கியமென்று எடுத்து ஆராயப் புகுந்தால், அது உண்மையை முழுதும் சொல்கிறதா என்பதே முதற் கேள்வியாக வேண்டும். நாம் படித்த வரையில், இக்கட்டுரைகளிற் பெரும்பாலன கணக்கை இரண்டாம் பக்கத்திலிருந்தே தொடங்குகின்றன. முதற் பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது.

அப்பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. மசாலை இடிக்குமுன் உரலும் உலக்கையும் வேண்டும். மிளகாயையும் மல்லியையும் மாதத்துக்குச் சேர்த்து வாங்க ரொக்கம் வேண்டும். தைக்குமுன் தையல் இயந்திரம் வேண்டும். கை பழகும்வரை வீணாகும் துணிக்கும் கணக்கு வேண்டும். கொல்லைக்கு மண்வெட்டி, வேலிக்கம்பி, விதை ஆகியவை வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் கொல்லையே வேண்டும். வீட்டுப் பசுவின் பால் இலவசந்தான், பசு இலவசமன்று.

சிக்கனம் பேசுவோர் திருக்குறளைத் துணைக்கழைப்பது வழக்கம். வரும் வழி சிறிதாயினும் போகும் வழி விரியாதிருந்தாற் கேடில்லை என்னும் கருத்து 'வலியறிதல்' அதிகாரத்தில் வருகிறது. அதனை எடுத்தோதாத சிக்கனச் சொற்பொழிவை நாம் கேட்டதில்லை. ஆனால் அதே நூலில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரத்தில், கையில் முதலில்லாத வணிகனுக்கு இலாபம் ஏது என்பதை உவமையாகக் காட்டிச் செல்கிறார் வள்ளுவர். உவமையாகக் காட்டுவதென்றால், அவ்வுண்மை கேட்போர் அனைவரும் முன்னரே அறிந்தது என்றுதானே பொருள்? சிக்கனமும் ஒரு வணிகமே. இன்று ஒரு வெள்ளி போட்டு, வரும் மாதங்களில் அதனைச் சிறுகச் சிறுக மீட்பதே அதன் செய்முறை. முன்னதை எடுத்தோதிப் பின்னதை மறப்பவர் பாதி வள்ளுவரையே படித்தவராவர்.

நிற்க. இவ்வினத்து எழுத்துகளில் உலகப் புகழ் பெற்றதொன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ 1854-ஆம் ஆண்டில் 'வால்டன்' என்னும் நூலை வெளியிட்டார். அதன் முதல் அத்தியாயத்தின் பெயரே சிக்கனம் எனப் பொருள்படும். மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கங்கார்ட் நகருக்கருகே ஒரு குளக்கரையில், தம் கையால் சிறு வீடொன்று கட்டி, 1845 ஜூலை 4 முதல் இரண்டாண்டுக்குச் சற்று மேலாக அவர் தனித்து வாழ்ந்தார். அந்த வீட்டுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். கல்லூரி மாணவன் ஓர் அறைக்கு ஓராண்டில் கொடுக்கும் வாடகை 30 டாலர் என்பதையும் அவர் அருகே வைத்துக் காட்டுகிறார். பலகை, ஆணி, சுண்ணாம்பு, தாழ்ப்பாள் என வரிவரியாகக் கணக்கு அச்சிடப்பட்டுள்ளது. நம் சிக்கனக் கட்டுரையாளர் எவரும் செய்யாத காரியம் இது. அரைச் சென்டையும் விடாமல் எழுதியிருப்பதில் ஒரு குறும்பு உண்டு. ஆனால் அந்தக் குறும்பே நூலுக்கு உயிர். கணக்கை வெளியிட்டவன் தன்னைப் பிறர் ஆராய இடங்கொடுக்கிறான். ஆகவே நாமும் ஆராயலாம்.

முதலாவது, மரம் வெட்டக் கோடரி. அது இரவல். வாங்கியதைவிடக் கூராக்கித் திருப்பிக் கொடுத்ததாகத் தோரோ பெருமிதத்துடன் சொல்கிறார். இரண்டாவது, வீடு நின்ற நிலம். அது அவருடைய நண்பர் எமர்ஸனுக்குச் சொந்தம்; வாடகை இல்லை. மூன்றாவது துணி வெளுப்பு. வெளுப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நடந்தன என்றும், அதற்குரிய பில் இன்னும் வந்து சேரவில்லை என்றும் அவரே எழுதுகிறார். நகைச்சுவைதான், ஆனால் அந்தத் துணியை எவளோ ஒருத்தி வெளுத்திருக்கிறாள். நூல் வெளிவந்து நூற்றெழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவளுடைய பில் இன்னும் வரவில்லை.

இம்மூன்றையும் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நம் தோட்டத்து வாசகர்களின் நெஞ்சைத் தொடக்கூடியது நான்காவது ஒன்று. வீட்டுக்கு வேண்டிய பலகைகளைத் தோரோ எங்கே பெற்றார்? இருப்புப்பாதை வேலைக்கு வந்த அயர்லாந்துக் கூலி ஒருவருடைய குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு விலைபேசி, அதனைப் பிரித்து எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் அக்குடும்பம் வெளியேற வேண்டும் என்பது பேச்சு. காலை ஆறு மணிக்கு அவர்களை வழியிலே காண்கிறார். படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரம், கண்ணாடி, கோழிகள் ஆகிய குடும்பச் சொத்தனைத்தும் ஒரே மூட்டையில் அடங்கிவிட்டன. பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிவிட்டது. தோரோ இதனை இரண்டொரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஆணிகளைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார். லயத்து வீட்டைக் காலி செய்து, பாயும் பாத்திரமும் கோழிக்கூண்டும் ஒரு மூட்டையாகத் தலையிலேற்றிப் போன குடும்பங்களைக் கண்டறிந்தவர்கள் அவ்வளவு விரைவில் அவ்விடத்தைக் கடந்துவிட முடியாது. சிக்கன வீட்டின் பலகை இன்னொரு ஏழையின் சுவராக இருந்தது. அதனை மறைக்காமல் எழுதியது ஆசிரியரின் நேர்மை. அதன் பொருளை உணராமல் எழுதியது அவருடைய குறை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதாலேயே நாம் அந்நூலை மீண்டும் மீண்டும் படிக்கிறோம்.

தோரோவிடமிருந்து காந்தியடிகளுக்குச் செல்வது நீண்ட வழியன்று. தோரோவின் எழுத்தைத் தென்னாப்பிரிக்காவிலே படித்தவர் அவர். 'சத்திய சோதனை' தமிழர் வீடுகளில் இராமாயணத்துக்கு அருகே வைக்கப்படும் நூல். சுங்கை சிப்புட்டில் அவர் பெயரால் 1954-இல் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையை அறியாத பேராத் தமிழர் இரார். எனினும் அந்நூலை ஒரு சிக்கனக் கணக்காக நம்மவர் படித்ததில்லை. வெளுப்புக்காரர் பில் மிகுதியாயிற்று என்று காந்தி தாமே துணி வெளுக்கத் தொடங்குகிறார். அதற்குரிய கருவிகளை வாங்குகிறார். வெளுப்புக் கலையைப் பற்றி ஒரு புத்தகமும் வாங்குகிறார். கற்றதை மனைவியாருக்கும் கற்பிக்கிறார். முதன்முதலில் வெளுத்த கழுத்துப்பட்டையில் கஞ்சி மிகுந்து, இஸ்திரியின் சூடு போதாமல், அதனை அணிந்து நீதிமன்றத்துக்குப் போனால் கஞ்சி உதிர்கிறது. சக வழக்கறிஞர்கள் நகைக்கிறார்கள். இதனை அவர் ஒளிக்கவில்லை. கற்றுக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டென்பதை இவ்வளவு எளிதாகச் சொன்ன பகுதி வேறொன்றை நாம் கண்டதில்லை.

அடுத்து ஜோகானஸ்பர்க் வீடு. கடை மாவு வேண்டாம், வீட்டிலே அரைப்போம் என்று முடிவு செய்து, கையால் சுற்றும் மாவு இயந்திரம் ஒன்றை 7 பவுன் கொடுத்து வாங்குகிறார். ஒருவரால் சுற்ற இயலாத கனம். இருவர் சேர்ந்தால் எளிது. காந்தியும் நண்பர் போலக்கும் பிள்ளைகளும் சுற்றுகிறார்கள், உடற்பயிற்சியும் ஆயிற்று. காட்சி அழகானதே. ஆனால் அந்த 7 பவுனைச் சற்று நிறுத்திப் பார்ப்போம். அடுத்திருந்த நேட்டாலில் ஒப்பந்தக் கூலியாகச் சென்ற தமிழனுக்கு முதலாண்டில் உணவுப்பொருளோடு மாதக் கூலி 10 ஷில்லிங். 7 பவுன் என்பது 140 ஷில்லிங், அஃதாவது அவனுடைய பதினான்கு மாதக் கூலி. வழக்கறிஞருக்கு எளிமையின் தொடக்கமாயிருந்த கருவி, அவருடைய கட்சிக்காரனுக்கு ஓராண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு. காந்தி விலையை எழுதிவைத்தார். ஆதலால் நாம் இந்தக் கணக்கைப் போட முடிகிறது. விலையை எழுதாமல் மாவின் சுவையை மட்டும் எழுதுபவரிடம் என்ன கணக்கைப் போடுவது?

அவர் அவ்வனுபவத்தை மறக்கவில்லை என்றே எண்ணுகிறோம். 1929-இல் அகில பாரத சர்க்கா சங்கம் சிறந்த இராட்டினத்துக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. அதன் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள்: விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது, இருபது ஆண்டு உழைக்க வேண்டும், ஓராண்டின் பழுதுபார்ப்புச் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டலாகாது, ஒரு பெண் எட்டு மணி நேரம் பெருந்துன்பமின்றிச் சுற்றக்கூடியதாயிருக்க வேண்டும். விலை, ஆயுள், பழுது, சுற்றுபவளின் களைப்பு ஆகிய நான்கும் இருக்கின்றன. சிக்கனத்தைப் பற்றி எழுதப்பட்ட உரைநடையில் இந்த விளம்பரத்தை நாம் மிக உயர்ந்த இடத்தில் வைப்போம். பரிசு ஒருவருக்கும் கிட்டாமற் போனது வேறு செய்தி. அந்நாளில் 150 ரூபாயைக் குடியானவன் எங்கே போய்த் தேடுவான் என்ற கேள்வி மட்டும் அந்த விளம்பரத்திலும் இல்லை.

அக்கேள்வியை வேறிடத்திலிருந்து கேட்டவர்கள் சுயமரியாதை இயக்கத்தார். காங்கிரசில் இருந்த நாளில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர் பெரியார். பின்னர் அவரே கதரை மறுத்தார். ஆலைத் துணியைவிட விலையேறிய துணியை ஏழையின் தலையிற் கட்டுவது பொருளாதாரமாகாது என்பது அவர்கள் வாதம். 1929 டிசம்பரில் அவர் பினாங்கில் இறங்கி, ஈப்போ முதலிய ஊர்களுக்கு வந்து பேசியபோது, சடங்கையும் ஆடம்பரத் திருமணத்தையும் விடுங்கள் என்னும் சீர்திருத்தச் செய்தி இந்நாட்டில் வேரூன்றியது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து காண வேண்டும். சடங்கை விடுவதற்கு முதல் வேண்டியதில்லை. கள்ளை விடுவதற்கும் வேண்டியதில்லை. அன்றைக்கே காசு கையில் நிற்கும். ஆனால் கடைப் பொருளை விட்டு வீட்டில் செய்வதற்கு முதல் வேண்டும். விடுவது ஒரு வகைச் சிக்கனம். செய்வது வேறொரு வகைச் சிக்கனம். நம் கட்டுரையாளர்கள் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, முன்னதைச் செய்ய முடிந்தவன் பின்னதைச் செய்யாதிருப்பது சோம்பலே என்று முடிவு கட்டுகிறார்கள். பிழை அங்கேதான் பிறக்கிறது.

இனி நம் பேராவுக்கு வருவோம். 1930-இல் ரப்பர் விலை விழுமுன், இப்பகுதித் தோட்டங்களில் தரக்கூலி நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கணவனும் மனைவியும் மாதம் இருபத்தைந்து நாள் வேலை பெற்றால் 22 வெள்ளி 50 காசு. அரிசி, உப்பு, ஊருக்கு அனுப்பும் பணம், கோயில் வரி எல்லாம் அதற்குள். வீழ்ச்சி வந்தபின் அந்தக் கூலியும் குறைந்தது. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், குடும்பமுடைய தொழிலாளிக்குப் பயிர் செய்ய ஏக்கரில் பதினாறிலொரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி நிலம் ஒதுக்க வேண்டுமென்றது. ஏட்டில் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்நிலம் தொழிலாளியுடையதன்று; வேலை போனால் வீடும் போகும், கொல்லையும் போகும்.

பழைய லயத்துக் கொல்லைகளில் என்ன நின்றது என்று நினைவு கூர்ந்து பாருங்கள். முருங்கை, மரவள்ளி, வாழை, கறிவேப்பிலை. தென்னை அரிது. தென்னை நல்ல மரமென்பதைத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது காய்க்க ஆறேழு ஆண்டு ஆகும். பிறன் நிலத்தில், நாளை எங்கேயிருப்போம் என்றறியாதவன், ஏழாம் ஆண்டுக் காய்க்கு இன்று குழி தோண்டுவானா? முருங்கையோ அயல் வீட்டில் ஒரு கொம்பு ஒடித்து நட்டால் ஓராண்டுக்குள் பலன் தரும். கீரைக்கு அவ்வளவும் காத்திருக்க வேண்டியதில்லை. மரவள்ளிக்கும் வெட்டிய தண்டே விதை, ஓராண்டில் கிழங்கு. காசு கொடாமல் கிடைப்பதும் விரைவில் மீள்வதுமாகிய பயிரையே அவர்கள் தேர்ந்தனர். இதனைச் சோம்பல் என்பதா, கணக்கறிவு என்பதா? முதற்செலவையும் காலத்தையும் எந்தக் கட்டுரையாளரைவிடவும் துல்லியமாக அறிந்தவர்கள் அந்த லயத்துப் பெண்கள். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது, இந்நாடு முழுவதும் அவர்கள் பயிரையே உண்டது. அக்காலத்து வீட்டுத் தயாரிப்பை ஒருவரும் சிக்கனமென்று அழைக்கவில்லை, பஞ்சமென்றே அழைத்தார்கள்.

காசைப் போலவே நேரமும் ஒரு முதல். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து, நிறுவைக்குக் கொடுத்துத் திரும்பும் பெண்ணிடம் நீயே இடி, நீயே தை என்பவர், அவள் எந்த மணியில் இடிப்பாள் என்றும் எழுத வேண்டாமா? 'சிக்கனமான இல்லாள்' என்று தலைப்பிட்டு ஆடவர் எழுதும் கட்டுரைகளில் இந்த மணிக்கணக்கை நாம் தேடித் தேடிக் களைத்துவிட்டோம்.

தையல் இயந்திரம் மட்டும் எளியவர் வீடுகளுக்குள்ளும் புகுந்ததே, எப்படி? சிங்கர் கம்பெனியார் 1850-களிலேயே அமெரிக்காவில் தவணை முறையைத் தொடங்கி, பின்னர் அதனையே மலாயா வரையிற் கொண்டுவந்தார்கள். முதற்செலவு என்னும் மதிலைப் படிக்கட்டாக மாற்றினால் ஏழையும் ஏறுவான் என்பதை வியாபாரி அறிந்திருந்தான். படியேற வட்டியும் வாங்கினான். மற்றப் பொருளுக்கெல்லாம் கடைக்காரரின் பற்றுப் புத்தகந்தான் துணை. அட்டையில் 555 என்ற எண் பொறித்த அச்சிறு புத்தகத்தைக் காணாத மலேசியத் தமிழர் வீடு உண்டா? கடனுக்கு வாங்குபவன் மூட்டையாக வாங்க முடியாது. சிறுகச் சிறுக வாங்குவான். சிறுக வாங்குவதற்கு விலை கூடுதல். மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்னும் அறிவுரை அவனுக்குத் தெரியாததன்று. அந்த மொத்தந்தான் அவனிடம் இல்லை.

1922-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்பின் தோட்டத் தொழிலாளர்க்கென ஏற்பட்ட சங்கங்கள் சிக்கனத்தையும் கடனையும் ஒரே பெயரில் இணைத்து வைத்திருந்தன. தமிழ்நாட்டிலும் இவ்வகைக்குச் சிக்கன நாணயச் சங்கம் என்றே பெயர். சிக்கனம் பேசுகிற இடத்தில் கடனுக்கென்ன வேலை என்று சிலர் ஏளனம் செய்வதுண்டு. பெயரிட்டவர் அறிந்தே இட்டார்: முதற்செலவுக்கு ஒருவர் கைகொடுத்தாலன்றி ஏழைக்குச் சிக்கனம் தொடங்காது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, துண்டாடப்பட்ட தோட்டங்களினின்றும் தொழிலாளர் துரத்தப்படாதிருக்க, பத்துப் பத்து வெள்ளியாக அவர்களிடமே பங்குத் தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். ஏழாம் ஆண்டுத் தென்னைக்கு இன்று குழி தோண்டும் துணிவு நிலம் தன்னுடையதானால்தான் வரும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அவருடைய முயற்சியைப் பற்றி மேடைப் புகழுரைகள் மிகுதி. அதனைச் சிக்கன இலக்கியத்தின் ஒரு பகுதியாக ஆராய்ந்த கட்டுரையை நாம் இதுவரை படிக்கவில்லை.

இன்று பேராவின் பழைய ரப்பர்க் காடுகளிற் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவின் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். நான்காம் மாடியில் உரலில் இடித்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவர். ஆகவே மின்சார அரவை வேண்டும். முருங்கைக்கொம்பு நட இடமில்லை. தொட்டி வேண்டும், தொட்டிக்கு மண்ணையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். 2025-இல் குறைந்த அளவுச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாடகை, பள்ளிப் பேருந்து, மோட்டார்ச் சைக்கிள் தவணை போக நிற்பதில் அரவையும் அடுப்பும் ஒரே மாதத்தில் அடங்கா. புந்தோங்கில் கச்சாங் பூத்தேயும் முறுக்கும் வீட்டிலே செய்து நாடெங்கும் பெயரெடுத்த குடும்பங்களை எடுத்துக்காட்டி, அவர்களைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம், பெரிய சட்டியையும் எண்ணெய்த் தகரங்களையும் கடலை மூட்டையையும் அடுப்படியில் நின்ற குடும்பம் முழுவதையும் சேர்த்தே பார்ப்போம்.

வீட்டிலே செய்வது வீண் என்பது நம் கருத்தன்று. அரவை ஒன்று வாங்கி மூன்றாண்டு உழைத்தால் அது பணத்தை மீட்டுத்தரும். கலப்படமற்ற தூளும் கிடைக்கும். அதனை எழுத வேண்டியதுதான். ஆனால் எழுதும் முறை மாற வேண்டும். இவ்விதழுக்குச் சிக்கனக் கட்டுரை அனுப்பும் அன்பர்கள் இனிமேல், முதல் நாளில் கையிலிருந்து போன தொகை என்ன, அது எங்கிருந்து வந்தது, மீள எத்தனை மாதமாயிற்று, அவ்வேலையை வீட்டில் யார் எந்த நேரத்தில் செய்தார் என்னும் விவரங்களைச் சேர்த்தெழுதக் கோருகிறோம். தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள சகோதரிகள் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதியனுப்பினால் அதற்கே முதலிடம். காசுக்குக் காசு எழுதுங்கள். அரைக் காசும் விட வேண்டாம். இடம் போதாவிடில் விளம்பரத்தைக் குறைத்தேனும் வெளியிடுவோம்.